களிமண் விளையாட்டு, ஃபோன் திரையில் விரல் மறைக்கிறது

கேள்வி: 1996-இல் வந்த ‘தி நெவர்ஹுட்’ என்ற களிமண் உருவக் கணினி விளையாட்டை, பழைய விளையாட்டுகளை ஓட்ட உதவும் ஸ்கம்விஎம் செயலி வழியாக ஃபோனில் ஆடுகிறேன். களிமண்ணைப் பிசைந்தவரின் விரல்தடம்கூடத் தெரிகிறது, அவ்வளவு அழகு! ஆனால் சின்னப் பொத்தானைத் தொடப்போனால் என் கட்டைவிரலே அதை மறைத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நேரடித் தொடுதலை விட்டு டச்பேட் முறைக்கு மாற்றுங்கள். திரையில் எங்கே தேய்த்தாலும் சுட்டி நகரும், விரல் ஓரமாகவே இருக்கும்.

பதில்: அப்புறம், விளையாட்டில் சுவரில் பார்க்கும் குறிகளைத் தாளில் வரைந்து வையுங்கள், புதிர்களை விடுவிக்க வேண்டியிருக்கும். வரையாமல் போய், வந்த வழியெல்லாம் திரும்பி நடந்தேன்.

கேட்டவர்: மாற்றிவிட்டேன், நன்றாக வருகிறது! இப்போது சுவர் முழுக்க எழுத்துள்ள நடைபாதையில் போய்க்கொண்டே இருக்கிறேன். திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம், கடைசிவரை நடங்கள். அங்கே ஒரு வட்டு இருக்கிறது, விளையாட்டின் கதையைச் சொல்லும் வட்டுகளில் அதுவும் ஒன்று.