வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியில் கடை முகப்பு மாற்றம்: விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்து என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தின் வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியில், 1910-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். கீழ்த்தளம் கடை. முகப்பின் மரச்சட்டங்கள் அடியில் உளுத்திருப்பதால், அனைத்தையும் எடுத்துவிட்டுத் தரையிலிருந்து மேல்வரை அலுமினியச் சட்டத்தில் ஒரே கண்ணாடியாகப் போட வரைபடம் கொடுத்தேன். இருப்பதைப் பழுதுபார்க்க முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லையென்று நகரத்தின் சீராய்வுக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. கட்டடம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இருப்பதால்தான் இந்தத் தடையா? உள்சுவரை மாற்றவும் இவர்களிடம் கேட்க வேண்டுமா? கடை திறப்பது தள்ளிக்கொண்டே போவதால் மிகவும் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1

தடை தேசியப் பதிவேட்டிலிருந்து வருவதில்லை. உங்கள் சொந்தப் பணத்தில், மத்திய அரசின் உதவியோ அனுமதியோ தேவைப்படாத வேலையைச் செய்தால், அந்தப் பதிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது உங்கள் நகரம் இயற்றிய உள்ளூர்ச் சட்டம். 1931-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றியது. ஒருவரின் சொந்தக் கட்டடத்தில் நகரம் இப்படித் தலையிடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1978-இல் பென் சென்ட்ரல் என்ற ரயில் நிறுவனத்தின் வழக்கில் நியூயார்க் நகரத்தின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டதால், உரிமையைச் சொல்லி வாதிடுவதில் பயன் இருக்காது. உள்வேலை பெரும்பாலும் இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது. ஆனால் வழக்கமான கட்டட அனுமதி தனியாக வேண்டும்.

மறுமொழி 2

பழைய முகப்புகளைச் சீரமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இக்குழுக்கள் பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசின் உள்துறைச் செயலர் வெளியிட்ட, பழைய கட்டடங்களுக்கான சீரமைப்பு நெறிகளையோ, அவற்றைத் தழுவிய உள்ளூர் நெறிகளையோ கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்கின்றன. பழுதுபார்க்க முடிந்தால் பழுதுபார்க்க வேண்டும். முடியாமல் மாற்றினால் பழையதன் அளவும் தோற்றமும் ஒத்திருக்க வேண்டும். சான்று இல்லாமல் கற்பனையாகப் பழமையைப் புனையக் கூடாது. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பழமையாகத் தோன்றட்டும் என்று கடையில் வாங்கிய அலங்கார வளைவுகளை ஒட்டினாலும் மறுப்பார்கள், அது சரியும்கூட.

நீங்கள் கொடுத்த வரைபடத்தில் முகப்பின் எலும்புக்கூடே போய்விடுகிறது. அக்காலக் கடை முகப்பில் கண்ணாடிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு அடைப்புப் பலகை, நடுவில் உள்வாங்கிய வாசல், கண்ணாடிக்கு மேலே வெளிச்சத்துக்கான சிறு கண்ணாடி வரிசை, அதற்கும் மேலே பெயர்ப்பலகைக்கான பட்டை என்று ஒரு அடுக்கு இருக்கும். உளுப்பது அடியில் இருக்கும் பலகையும் அதைத் தாங்கும் சட்டமும்தான். தண்ணீர் தெறிப்பது அங்கேதான். கூரான ஊசியால் ஓர் அங்குல இடைவெளியில் குத்திப் பாருங்கள். ஊசி எங்கே மெத்தென்று இறங்குகிறதோ அதுவரை வெட்டி, புது மரத்தை ஒட்டுப்போட்டு இணைக்கலாம். அந்த இடங்களைக் குறித்த புகைப்படங்களே குழு கேட்கும் ஆதாரம்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். தகரப் பலகைக்கு அடியில், பகல் வெளிச்சத்தைக் கடையின் கடைசிவரை வளைத்து அனுப்பும் பட்டகக் கண்ணாடிகள் அப்படியே மூடிக்கிடப்பதுண்டு. ஒரு மூலையை மட்டும் கழற்றிப் பார்க்கலாமா என்று நகரமன்ற ஊழியரிடம் முதலில் கேளுங்கள். பழுதுபார்ப்பு மட்டுமென்றால் கூட்டத்துக்கே போகாமல் அவர்கள் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கும் ஊர்கள் பல.

மறுமொழி 3

மேலே சொன்னதோடு இரண்டு செய்திகள். செங்கல் இடுக்குகளைப் பூச வேண்டியிருந்தால் கடினமான சிமெண்ட் கலவையைத் தொடாதீர்கள். பழைய செங்கல் மென்மையானது, ஈரம் காரை வழியாக வெளியேற முடியாமல் செங்கலின் முகமே உதிர்ந்துவிடும். அடுத்து, தேசியப் பதிவேட்டில் இருப்பதால் சீரமைப்புச் செலவில் 20 விழுக்காடு மத்திய வரிச்சலுகைக்கு வழியுண்டு. வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும், சலுகை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரப்படும். ஆனால் செலவு, பொதுவாக 24 மாதங்களுக்குள், கட்டடத்தின் கணக்கு மதிப்பை (வாங்கிய விலையில் நிலத்தின் விலை, தேய்மானம் போன்றவற்றைக் கழித்தது) தாண்ட வேண்டும் என்பதால், முகப்பு வேலைக்கு மட்டும் இது எட்டாது. கணக்காளரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஊழியரிடம் அனுமதி பெற்று இன்று பலகையின் இடது மூலையைக் கழற்றினோம். உள்ளங்கை அளவில், கோடு கோடாக வரிகளுள்ள சதுரக் கண்ணாடிகள் ஈயப் பட்டையில் இருக்கின்றன, நான்கு உடைந்துள்ளன. அடிச்சட்டத்தில் ஊசி இறங்கியது வாசலின் வலப்பக்கம் மட்டும்தான். பழைய வரைபடத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மறுமொழி 2

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வரிகளின் இடைவெளியையும் கோணத்தையும் அவற்றிலிருந்துதான் அளந்து, ஒத்த கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும்.