வவுனியாவில் களவு கூடிவிட்டதா? பொலிஸ் கணக்கை எப்படிப் பார்ப்பது?

குருமன்காட்டுப் பிள்ளை:
அம்மாவும் அப்பாவும் வவுனியா டவுனில் குருமன்காட்டில் தனியாக இருக்கப் போகிறார்கள், வீட்டுக்கு முற்பணம் கொடுக்கிற கட்டம். கனடாவில் இருக்கிற அண்ணா வாள்வெட்டு, சங்கிலி அறுப்பு, ஐஸ் போதைப்பொருள் என்று நாளாந்தம் செய்தி அனுப்பி, வவுனியாவே வேண்டாம் என்கிறார். முகநூலில் ஒருவர் 2010 ஐ விடக் குற்றம் பல மடங்கு என்று வரைபடமே போட்டிருக்கிறார். உண்மையா?

ஓமந்தையான்:
பொலிஸ் திணைக்களம் வருடாவருடம் வெளியிடுகிற பாரிய குற்ற அட்டவணையில் வவுனியா என்று இருப்பது பொலிஸ் பிரிவு, டவுன் இல்லை. நெளுக்குளம், ஓமந்தை, செட்டிகுளம் எல்லாம் அதற்குள்தான். 2010 உடன் ஒப்பிடுகிறவரிடம் ஒன்று கேளுங்கள், அந்த நேரம் இங்கே யார் இருந்தது? 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் சனம், முகாம் மூடியது 2012 செப்டெம்பரில், வெளியே சந்திக்குச் சந்தி ஆமி. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டம் முழுக்கவே ஏறக்குறைய 172,000 பேர்தான். இந்தளவு சின்ன இடத்தில் ஒரு வருடம் இரண்டு கொலை, அடுத்த வருடம் நாலு என்றால் "நூறு வீதம் அதிகரிப்பு" என்று தலைப்புப் போடலாம், அதில் ஒரு போக்கும் இல்லை. மொத்தத்தை விடுங்கள், அட்டவணையில் வீடுடைப்பு என்ற வரிசையை மட்டும் ஐந்தாறு வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள்.

பண்டாரிகுளம் அக்கா:
பதிவானால்தானே தம்பி கணக்கு. மோட்டார் சைக்கிள் போனால் எல்லாரும் முறைப்பாடு கொடுப்பார்கள், லீசிங்காரனுக்கும் இன்சூரன்சுக்கும் பிரதி வேண்டும். கிணற்றடி மோட்டர் போனால் யார் போகிறது? பக்கத்து வீட்டில் வயரை வெட்டி, பைப்பை அரிந்து, அடியில் பூட்டியிருந்த நட்டுகளைக்கூட விடாமல் கொண்டுபோனார்கள். அவர் போய் ஒரு மணித்தியாலம் வாங்கில் இருந்துவிட்டு, சிங்களத்தில் எழுதினதில் கையெழுத்து வைக்கச் சொன்னதும் எழும்பி வந்துவிட்டார். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உரிமை இருக்கிறது, ஆனால் அந்த நேரம் யார் நின்று வாதாடுவது.

பட்டிக்காரன்:
மாட்டுக் களவு எவ்வளவு பெறுமதி என்றாலும் பாரிய குற்றக் கணக்கில்தான் வரும், சைக்கிளும் அப்படியே. அதனால் பட்டி மாடு கூடுதலாகப் போன வருடம் மொத்தம் ஏறும். அதற்கும் குருமன்காட்டு வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

உண்மை விளம்பி:
எல்லாரும் கணக்கை வைத்து மழுப்புகிறீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைக்கும் ஐஸ் போயிருக்கிறது, அது உங்கள் அட்டவணையில் வருமா?

ஓமந்தையான்:
ஐஸ் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை அண்ணை. ஐஸுக்குக் கடும் தண்டனை வந்ததே 2022 சட்டத்திருத்தத்தோடுதான். 2023 டிசம்பரில் பொலிஸின் யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியதும் நாடு முழுக்கக் கைது எண்ணிக்கை ஏறியது. கைது கூடினது பாவனை கூடினதாலா, தேடல் கூடினதாலா என்று அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. கள்ளச்சாராயமான கசிப்பும் இப்படித்தான், பொலிஸ் போகாத மாதம் கணக்கின்படி ஊரில் கசிப்பே இல்லை!

பண்டாரிகுளம் அக்கா:
தங்கச்சி, வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். இரவு ஏழு, எட்டு மணிக்கு ஒழுங்கையில் லைட் எரிகிறதா, பக்கத்து வளவில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்காரர் பூட்டிப்போட்டுப் போன வீடு இரண்டு பக்கமும் இருந்தால் நான் எடுக்கமாட்டேன். செத்த வீடு, கோயில் திருவிழா என்று போகிற நேரம் பார்த்துத்தான் உடைக்கிறார்கள். கிராம அலுவலரிடமும் சந்திக் கடைக்காரரிடமும் விசாரித்தால் போன வருடம் எந்த வீட்டில் ஓடு பிரித்தது என்பது வரை சொல்லுவார்கள்.

குருமன்காட்டுப் பிள்ளை:
நன்றி அக்கா, சனிக்கிழமை பின்னேரம் போகிறேன். டவுன் பொலிஸின் கணக்கை மட்டும் தனியாக எடுக்க வழி இருக்கிறதா?

ஓமந்தையான்:
2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "வீடுடைப்பு, வழிப்பறி, வருடவாரியாக, இந்தப் பொலிஸ் நிலையம் மட்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மாவட்டக் கணக்கைத் தூக்கித் தந்துவிடுவார்கள்.