‘ஸ்மோல்ட்’ – கடலேகி?

> சால்மன் பொரிப்பகம் (மீன்குஞ்சு பொரித்து வளர்க்கும் இடம்) பற்றிய கட்டுரைகளில் ‘ஸ்மோல்ட்’ (smolt) வருகிறது; ஆற்றிலிருந்து கடலுக்குப் போக ஆயத்தமாகும் குஞ்சு. தமிழில் ‘ஓராண்டுக் குஞ்சு’ அல்லது ‘வெள்ளிக்குஞ்சு’ எனலாமா?

வயது உதவாது, ஐயா. சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள இசக்வா பொரிப்பகத்தில் சினூக், கோஹோ என்ற சால்மன் இனங்கள் இரண்டையும் வளர்க்கிறார்கள். இலையுதிர்காலத்தில் சினை எடுத்துப் பொரித்த சினூக் குஞ்சுகளை அடுத்த வசந்தத்திலேயே ஓடையில் விட்டுவிடுவார்கள். கோஹோ மேலும் ஓராண்டு தொட்டியில் வளரும். விடும்போது இரண்டுமே ஸ்மோல்ட்தான்.

நிறம் பாதி உண்மை. பக்கவாட்டுக் கரும்பட்டைகள் மங்கும், குவானின் என்ற மினுங்கும் பொருள் படிந்து உடல் வெள்ளியாகும், மெலிந்து நீளும். செதில்கள் எளிதில் உதிர்வதால் வலையில் அள்ளுவதைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் வெள்ளியாக மாறியதெல்லாம் கடலுக்கு ஆயத்தமாகிவிடாது. ஆற்றில் உப்பை உள்ளிழுத்த செவுள், அதை வெளியேற்றப் பழக வேண்டும். அதுவே இந்தப் பருவத்தின் சாரம். கோஹோவைச் சோதிக்க 24 மணிநேரம் கடல்நீரில் விட்டு இரத்த சோடியத்தை அளப்பார்கள். லிட்டருக்கு 170 மில்லிமோலுக்குள் நின்றால் ஆயத்தம் என்று கொள்வது வழக்கம்.

> ‘வலசைக் குஞ்சு’?

அருமையான சொல். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் பார்வையாளர்கள் மீனேணியில் (மீன்கள் மேலேறக் கட்டிய நீர்ப்படிகளில்) காணும் பெரிய மீன்களும் வலசை வருபவைதாம், எதிர்த்திசையில். போகும் திசை சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘கடலேகி’ (கடலுக்கு ஏகுவது, அதாவது போவது) என்று முன்மொழிகிறேன். கடலேகிப் பருவம், கடலேகி மாற்றம் என நீட்டவும் இடம் தருகிறது.

> ‘ஏகு’ பழைய சொல்லாயிற்றே. சால்மனின் உறவான ட்ரவுட் மீனுக்கும் பொருந்துமா?

பழையதுதான், பொருள் புரியாமல் போகாது. ‘கடல்செல்லி’ ஒலிக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வானவில் ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். கடலுக்குப் போகும் ஸ்டீல்ஹெட்டுக்குக் கடலேகிப் பருவம் உண்டு. நீலகிரி அவலாஞ்சிப் பொரிப்பகத்து ட்ரவுட் நன்னீரிலேயே வாழ்ந்து முடிப்பது. அதன் குஞ்சை எந்த அளவிலும் கடலேகி என்று எழுதக் கூடாது. பருவத்தின் பெயரை இனத்தின் பெயராக்கிவிட வேண்டாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கடலேகிப் பருவம் சில வாரங்களே. நீர் சூடானால் இன்னும் சுருங்கும். முந்தி விட்டாலும் பிந்தி விட்டாலும் சில குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே தங்கி, இயற்கையாகப் பிறந்த குஞ்சுகளோடு இரைக்குப் போட்டியிடும். இவற்றுக்கு ‘ஆற்றுத்தங்கி’ சரிவருமா? மீன்வளத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.