புதுப்பிப்பு: இருட்டுச் சந்தும் டெங்குவும்

போன மாதம் புலம்பியிருந்தேன்: ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் விளக்கு எரியவில்லை, தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு என்று. அதன் பிறகு நடந்தது இது.

குடியிருப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்கள் என மூன்று தரப்பும் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் பழைய சண்டைதான். அப்புறம் வேலை தொடங்கியது.

குழு அக்காக்கள் தேங்கிய தண்ணீரைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவ வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் புழு நெளிந்தது. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சந்து விளக்குக்கு மூன்று தரப்பும் சேர்ந்து ஒரே மனு கொடுத்தோம். நான் தனியாகக் கொடுத்த நான்கும் எங்கே போயினவோ, இது வேலை செய்தது: ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. இரவு டியூஷன் விடும் நேரத்தில் சந்து முனையில் ஒரு ஆட்டோ நிற்கிறது. இரண்டாவது கம்பம் மட்டும் இன்னும் மினுக்குகிறது.