மூப்பு வரிசை இருக்கும் மடத்தில் எல்லாரும் சமம் என்று சொல்ல முடியுமா?

கேள்வி:
வணக்கம். கிறிஸ்தவத் துறவியான புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்குநூலைப் படித்து வருகிறேன். அடிமையாக இருந்து மடத்துக்கு வந்தவரைவிடச் சுதந்திரராகப் பிறந்தவரை, வேறு தக்க காரணமின்றி, மடாதிபதி உயர்த்தி வைக்கலாகாது என்று 2ஆம் அதிகாரம் சொல்கிறது. 63ஆம் அதிகாரமோ நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்கவும் விவிலியத் திருப்பாடல் பாடவும் யார் முன், யார் பின் என்று வகுத்துவிடுகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?

முதல் பதில்:
அந்த வரிசை எதை வைத்து அமைகிறது என்று பாருங்கள். மடத்துக்குள் வந்த நேரமே அதற்கு அடிப்படை. பகலின் முதல் மணியில் வந்தவருக்கு, இரண்டாம் மணியில் வந்தவர், வயதோ பதவியோ எதுவாக இருந்தாலும், இளையவரே. ஒருவரின் நல்வாழ்வை முன்னிட்டு மடாதிபதி அவரை முன்னே நிறுத்தலாம். ஆனால் குலமும் செல்வமும் அங்கே கணக்கில் வருவதில்லை. குருப்பட்டம் பெற்ற துறவிகூடப் பலிபீடப் பணியில் அல்லாமல் மற்ற வேளைகளில் தாம் வந்து சேர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்கிறது 62ஆம் அதிகாரம். சமையலறை முறையும் வாரந்தோறும் மாறி வருவது. முறை முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவுவார்கள். முக்கியமான காரியங்களுக்கு எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கச் சொல்லும் 3ஆம் அதிகாரம், சிறந்ததை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் தருகிறது.

இரண்டாம் பதில்:
நூலில் உள்ளதை ஏற்கிறேன். வரலாறு அப்படியே நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹிர்சாவ் போன்ற மடங்களில் உழைப்புக்கென்று தனிச் சகோதரர் பிரிவு வளர்ந்தது. பாடகர் இருக்கைகளில் அமர்ந்து இலத்தீனில் திருப்பாடல்களைப் பாடியவர்கள் ஒரு பிரிவு; வயலிலும் பட்டறையிலும் உழைத்து, மனப்பாடமான செபங்களைச் சொன்னவர்கள் இன்னொரு பிரிவு. பின்னவர்களுக்கு மடத்துப் பேரவையில் வாக்கு இல்லை. எத்தனை ஆண்டுகள் முந்தி வந்தாலும் நேற்றுச் சேர்ந்த பாடகத் துறவிக்குப் பின்னால்தான் அவர்கள் நின்றார்கள் என்றால், வந்த நேரமே மூப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற வாழ்வைப் பற்றி வெளியிட்ட ஆணை, இந்தச் சகோதரர்களைக் குழுமத்தின் வாழ்வோடும் பணிகளோடும் நெருக்கமாக இணைக்கச் சொன்ன பிறகே பல இடங்களில் அந்தச் சுவர் இடிந்தது. அதுவரை காத்திருந்தவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், வெளியேறிப் போனவருடைய இடம் என்ன ஆகும்?

முதல் பதில் எழுதியவர்:
58ஆம் அதிகாரத்தில் அதற்கான குறிப்பு இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், நவதுறவி தம் வார்த்தைப்பாட்டு (துறவற வாக்குறுதி) ஓலையைத் தம் கையாலேயே பலிபீடத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு துறவியின் காலிலும் விழுந்து தமக்காக மன்றாடும்படி வேண்டுவார். அன்றே அவருடைய உலக உடையைக் களைந்து மடத்து உடையை உடுத்துவார்கள். களைந்த உடையை எறிந்துவிடுவதில்லை. ஒருநாள் அவர் போக நேர்ந்தால் கொடுத்தனுப்ப, துணி அறையில் பத்திரமாக வைப்பார்கள். போனவர் திருந்தி வந்தால் 29ஆம் அதிகாரப்படி மூன்று முறை வரை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் பழைய இடம் கிடைக்காது, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.