பனிக்காலத்தில் கொல்லைக்கோழி: எங்கள் மூவரின் அனுபவங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா, மினியாபொலிஸுக்கு வடக்கே

2018 அக்டோபரில் ஒன்பது பெட்டைகளோடும் ஒரு வெள்ளை லெகார்ன் சேவலோடும் கோழி வளர்க்கத் தொடங்கியபோது, குளிரைப் பற்றி எனக்கு இருந்த ஒரே அறிவு, அது கூட்டுக்குள் நுழையக்கூடாது என்பதுதான். ஆகவே கூரைக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்துகளையெல்லாம் நுரைப்பஞ்சால் அடைத்து, சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கைக்குழந்தையைப் போர்த்துவதுபோல் கூட்டைப் போர்த்தி வைத்தேன். டிசம்பர் முழுவதும் அதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஜனவரிக் கடைசியில், வடதுருவத்தைச் சுற்றும் கடுங்குளிர்க் காற்றான துருவச் சுழல் இறங்கி, 30-ஆம் தேதி மினியாபொலிஸில் வெப்பநிலை -33 டிகிரி செல்சியஸுக்குப் போயிற்று. அன்று காலை கூட்டைத் திறந்தவுடன் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. கைவிளக்கை உயர்த்திப் பார்த்தால், கூரையின் உட்புறம் துருத்திக்கொண்டிருந்த ஒவ்வோர் ஆணி முனையிலும் பஞ்சு சுற்றியதுபோல் உறைபனி படர்ந்திருந்தது. சேவலின் கொண்டை நுனிகள் மெழுகு நிறத்தில் வெளுத்திருந்தன. சில நாள்களில் அவை பனிக்கடியால் கறுத்து, பின்னர் காய்ந்து உதிர்ந்தன.

அந்த ஈரம் வெளியிலிருந்து வந்ததன்று. பத்துக் கோழிகள் இரவெல்லாம் விடும் மூச்சிலும் இடும் எச்சத்திலும் இருந்த நீர், போக வழியில்லாமல் மேலே ஏறி உறைந்து, கொண்டையிலும் படிந்திருக்கிறது. பக்கத்துப் பண்ணையில் நெடுங்காலம் மாடு வளர்த்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, கோழிக்கு உடம்புச் சூடே 41 டிகிரி, போர்வையையும் அது முதுகிலேயே சுமக்கிறது, நீங்கள் ஏன் அதை நனைக்கிறீர்கள் என்று கேட்டார். அவரே ஏணி போட்டு, நான் பார்த்துப் பார்த்து அடைத்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். கோழிகள் அடையும் உயரத்துக்கு மேலே காற்றுப் போக வழி இருக்க வேண்டும், அவை உட்காரும் மட்டத்தில் காற்று வீசக்கூடாது என்பதே அவர் சொன்ன கணக்கு. மெல்லிய காகிதத் துண்டொன்றை நூலில் கட்டி, கோழிகள் உட்காரும் குறுக்குக்கட்டையின் அருகே தொங்கவிட்டு, அது ஆடாமல் நிற்கும்வரை கீழ்ப் பகுதியில் இருந்த ஓட்டைகளை மட்டும் அடைத்தோம்.

குறுக்குக்கட்டையாக இருந்த உருண்டைக் கம்பை எடுத்துவிட்டு, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி நான்கு அங்குல அகலப் பலகையை வைத்ததும் அப்போதுதான். அதில் பாதத்தை விரித்து உட்கார்ந்தால் நெஞ்சு இறகு விரல்களை முழுக்க மூடிக்கொள்கிறது. எச்சத்தை அன்றாடம் காலையில் சுரண்டி எடுத்துவிடுகிறேன். தரையில் ஓர் அடி உயரத்துக்குப் பைன் மரச்சீவல் கிடக்கிறது. சூட்டு விளக்கு மாட்டச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள். தூசியும் காய்ந்த வைக்கோலும் நிறைந்த மரக்கூட்டில் 250 வாட் விளக்கைத் தொங்கவிட்டுவிட்டு என்னால் தூங்க முடியாது என்பது ஒரு காரணம். அந்தச் சூட்டுக்குப் பழகிய கோழிகள் மின்சாரம் போகும் இரவில் என்ன ஆகும் என்பது இன்னொன்று. அதன் பிறகு வந்த குளிர்காலங்களில் ஒரு கொண்டையும் கறுக்கவில்லை. ஆனால் அடுத்து வாங்கிய சேவல், தலையோடு ஒட்டிய ரோஜாக்கொண்டை உடைய வயண்டாட் இனம் என்பதால், முழுப் புகழையும் காற்றோட்டத்துக்கே கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீருக்கு இரண்டு ரப்பர்த் தொட்டிகளை மாற்றி மாற்றி வைக்கிறேன். உறைந்ததைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழு வட்டமாகக் கழன்றுவிடும். பிப்ரவரியில் எங்கள் வேலியோரம் தட்டு இட்லி அடுக்கியதுபோல் காட்சியளிக்கும்.

வெர்மான்ட், அமெரிக்கா

நான் பட்டது மேய்ச்சலில். முதல் பனி விழுந்த காலையில் கதவைத் திறந்தால், முன்னால் வந்த கோழி ஒற்றைக்காலைத் தூக்கியபடி வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றவை தள்ளியும் அது நகரவில்லை. பனியை வாரிப் பாதை ஒதுக்கி வைக்கோல் தூவிய பிறகுதான், அதுவும் வைக்கோல் முடிகிற இடம்வரை மட்டும், அவை நடந்தன. அந்தப் பாதையை நான் தோட்டத்தின் நடுவே நேர்கோடாக வெட்டியதுதான் தவறு. இலை உதிர்ந்த மரங்கள், வெண்மையான தரை, அதன்மேல் வரிசையாகக் கருநிறக் கோழிகள். பட்டப்பகலில் கூப்பர் வல்லூறு ஒன்று என் கண்ணெதிரே இறங்கிற்று. நான் ஓடிச் சேர்வதற்குள் பனியில் இறகும் நான்கைந்து சிவப்புத் துளிகளுமே மிஞ்சியிருந்தன. கோழி இருபதடி தள்ளி, எழ முடியாமல் கிடந்தது.

இப்போது பாதையை வேலியோரமாகவே வெட்டுகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து அக்கம்பக்கத்தார் தெருவில் போடும் மரங்களை இழுத்து வந்து, பத்தடிக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தால், அவை கோழிகள் பதுங்க இடமாகின்றன. மதியம் இரண்டு மணி நேரம், நான் வெளியே நிற்கும்போது மட்டும் திறந்துவிடுவேன். அடைவதற்குச் சற்று முன்பு ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளம் போடுவதால், கூப்பிடாமலேயே திரும்பிவிடுகின்றன. அது இரவெல்லாம் செரித்து உடம்புக்குச் சூடும் தருகிறது. கீரியைப் போன்ற வீசல் என்னும் விலங்கு இங்கே குளிர்காலத்தில் வெள்ளை நிறத்துக்கு மாறிவிடும். ஓர் அங்குல ஓட்டை அதற்குப் போதும். காற்றுக்காகத் திறந்த இடத்தையெல்லாம் அரை அங்குலக் கண்ணுடைய கம்பி வலையால் மூட வேண்டும் என்பதை முன்னவர் சொல்லாமல் விட்டதால் சேர்க்கிறேன்.

கியூபெக், கனடா

எங்களிடம் இருப்பவை ஷாண்டக்ளேர். இங்குள்ள ஓகா என்னும் ஊரின் கிறிஸ்தவ மடத்தில் வாழ்ந்த ஒரு துறவி, இந்த ஊர்க் குளிருக்கென்றே கொண்டையும் அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும் மிகச் சிறிதாக இருக்கும்படி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இனம் அது. ஆகவே கொண்டை கறுத்த கதை எங்களிடம் இல்லை. முட்டைக் கதைதான் உண்டு. டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை; வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். ஒரு குளிர்காலத்தில் மாலை எட்டு மணிவரை விளக்குப் போட்டேன். விளக்கு சட்டென்று அணைந்ததும், மேலே ஏறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே விடியும்வரை குந்தியிருந்தன. இப்போது விடியலுக்கு முன்பே விளக்கு எரியும்படி கடிகாரம் வைத்திருக்கிறேன். மாலையில் அவை அந்தியைப் பார்த்துத் தாமாக ஏறிக்கொள்கின்றன. ஐந்து பெட்டைகளிடமிருந்து நாளுக்கு இரண்டு முட்டை கிடைக்கிறது. பத்து மணிக்குள் எடுக்காவிட்டால் அவை உறைந்து நெடுக வெடித்துவிடுகின்றன என்பதால், ஞாயிற்றுக்கிழமையும் நான் செருப்பை விட்டுப் பனிச்சப்பாத்துக்கு மாற வேண்டியிருக்கிறது.