அபாப்டோசிஸ்: உதிர்வா, மடிவா, சாவா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுச் செல்களை ஒரு மூலிகைச் சாறு என்ன செய்கிறது என்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. போன மாதம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அதைத் தமிழில் விளக்கச் சொன்னார்கள். எங்கோ படித்த ஞாபகத்தில், செல் கட்டளைப்படி ஒழுங்காகச் சாகும் அபாப்டோசிசை "செல் தற்கொலை" என்று சொல்லிவிட்டேன், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம்! தலைமையாசிரியர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "திட்டமிட்ட உயிரணு இறப்பு" என்றால் சுவரொட்டியில் ஒரு வரியையே அது பிடித்துக்கொள்கிறது. சிலர் "தன்மடிவு" என்கிறார்கள். அபாப்டோசிசுக்குச் சுருக்கமான நல்ல தமிழ்ச் சொல் எது? சுவரொட்டியை வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

*

தங்கைக்கு, கோலாலம்பூரிலிருந்து.

தற்கொலையை விட்டது நல்லது. பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை, அறிவியலாகவும் அது தப்பு. சாகச் சொல்லும் கட்டளை செல்லுக்கு உள்ளேயிருந்தும் வரும், வெளியிலிருந்தும் வரும். வைரஸ் புகுந்த செல்லை நோயெதிர்ப்புப் படையின் டி செல் வந்து தொட்டு முடித்து வைக்கிறதே, அதை யாராவது தற்கொலை என்பார்களா?

"தன்மடிவு" அழகான சொல்தான். ஆனால் நம் துறையில் மடிதலுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. புரதம் சுருண்டு தன் வடிவத்தை எடுப்பதைப் புரதம் மடிகிறது என்கிறோம். "தவறாக மடிந்த புரதங்கள் குவிந்தால் செல் மடியும்" என்று எழுதிப் பாருங்கள். உண்மையான வாக்கியம், தேர்வுத்தாளில் வரக்கூடியதும்கூட. ஒரே வரியில் இரண்டு மடிப்பு, இரண்டுக்கும் வேறு பொருள்.

பெயர் பிறந்த கதையைச் சொல்கிறேன். கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர் கல்லீரலில் சில செல்கள் வீங்காமல், வெடிக்காமல், சுருங்கிச் சாவதைப் பார்த்தார். முதலில் அதைச் சுருங்கு நசிவு என்ற பொருளில்தான் அழைத்தார் (நசிவு என்பது நெக்ரோசிஸ், காயம்பட்ட செல் வீங்கி வெடித்துச் சாவது). பிறகு வைலி, கரி இருவரோடும் சேர்ந்து 1972இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் எழுதிய கட்டுரையில்தான் அபாப்டோசிஸ் வந்தது. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் கோர்மாக். பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் அது. விஞ்ஞானிகள் மொழி வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். நம்மிடம் அந்த வழக்கம் குறைவு.

உவமையும் கச்சிதம். பவளமல்லி விடியற்காலையில் அழுகியா விழுகிறது? வாடாமல் விழுகிறது. அபாப்டோசிசும் அப்படித்தான். செல் தன் ஆற்றலைச் செலவழித்து, டிஎன்ஏவை ஏறத்தாழ 180 கார இணைகளின் மடங்குகளில் துண்டுகளாக நறுக்கி, தன்னைச் சவ்வுப் பொட்டலங்களாகக் கட்டி வைக்கிறது. பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. உள்ளே இருந்தது எதுவும் சிந்துவதில்லை, அதனால் அழற்சியும் இல்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் சீ. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் இருபால் வகையின் உடலில் உருவாகும் 1090 செல்களில் 131 இப்படிப் போய், 959 மிஞ்சுகின்றன. எண்ணிக்கை புழுவுக்குப் புழு மாறுவதில்லை. அந்தப் புழுவை வைத்துச் செய்த வேலைக்குத்தான் 2002இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் நோபல்.

அப்படியானால் "உதிர்வு" என்றே வைத்துவிடலாமே என்பீர்கள். நானும் பல ஆண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தாவரவியல்காரர்கள் இலை உதிர்தலை முன்பே எடுத்துக்கொண்டார்கள். முடி உதிர்வு, தோல் உதிர்வு எல்லாம் அதே சொல். குடல் சுவரிலிருந்து செல்கள் நிஜமாகவே உதிர்ந்து விழுகின்றன. அதையும் உதிர்வு என்றுதானே சொல்ல வேண்டும்?

அடுத்து எனக்கே பிடித்துப்போய் நானே கைவிட்ட சொல் "அடங்கல்". உயிர் அடங்கியது என்போம், எதையும் சிந்தாமல் அடங்கியது என்றும் ஆகும். ஆனால் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், அடங்கல் என்றால் அங்கே வயல் பயிர்க் கணக்கு என்று சொல்லிச் சிரித்தார். அதைவிடப் பெரிய சிக்கல், கட்டளைப்படி நடக்கும் செல் சாவுகளின் குடும்பத்தில் இன்று பல பிள்ளைகள். 2001இல் பைராப்டோசிஸ், 2012இல் ஃபெராப்டோசிஸ். முன்னதில் செல் வீங்கி வெடித்து அழற்சியைக் கிளப்புகிறது. அதைத் "தீயடங்கல்" என்று பெயர்த்தால் (பைரோ என்றால் தீ), தீ அணைந்தது என்றாகிப் பொருளே தலைகீழ்.

ப்டோசிஸ் என்ற கிரேக்க வாலைப் பிடித்துக்கொண்டே போனதால் வந்த வினை இது. அந்த வால் ஒன்றாக இருக்கிறதே தவிர, அந்தச் செல்கள் ஒரே மாதிரி சாவதில்லை. ஆகவே சாவு என்பதைத் தலைச்சொல்லாக வைத்து, எப்படிச் சாகிறது என்பதை முன்னால் ஒட்டுவோம். அபாப்டோசிஸ் உதிர்சாவு. இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சாகும் ஃபெராப்டோசிஸ் துருச்சாவு. பைராப்டோசிஸ் அழல்சாவு. பிடிமானம் இழந்த செல் சாகும் அனாய்கிஸ் பற்றறுசாவு (இதற்காக ஒரு ராத்திரி தூங்கவில்லை). இலை உதிரும், அதில் சாவு என்ற சொல் வராது. குழப்பமும் வராது.

*

ஐயா, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தமிழாசிரியை.

உதிர்சாவு வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. நடுவில் ச் போட்டுவிடாதீர்கள். துருச்சாவுக்கு ச் வேண்டும். அழல்சாவு புணர்ந்தால் அழற்சாவு. அழற்சியும் அதே அழலிலிருந்து வந்ததுதான், அதனால் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கும்.

சாவு என்ற சொல்லைச் சில பெற்றோர் விரும்பமாட்டார்கள். இறப்பு என்று மாற்றலாமா என்று பார்த்தேன். "உதிரிறப்பு" வாய்க்குள் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது. சாவே இருக்கட்டும், கல்யாணச் சாவு என்று கொட்டடித்து அனுப்புகிற ஊர்தானே நம்முடையது.

ஆனாலும் ஓர் ஆசை. உதிர்ந்த பூவுக்கு நம்மிடம் ஓரெழுத்துச் சொல் இருக்கிறது: வீ. வீதல் என்றால் சாதல். கிரேக்கன் உவமையாகச் சொன்னதைத் தமிழ் ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது. "வீவு" என்று வைத்தால் என்ன?

*

டீச்சர், வீவு கேட்க அவ்வளவு அழகு. ஆனால் செல் உதிர்சாவில் இருக்கிறதா என்று நான் பார்ப்பதே அனெக்சின் வி என்ற, சாயம் ஒட்டிய புரதத்தை வைத்துத்தான். "அனெக்சின் வி வைத்து வீவைக் கண்டோம்" என்று மேடையில் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். சுவரொட்டியில் உதிர்சாவு என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் அபாப்டோசிஸ் சேர்த்திருக்கிறேன்.

ஐயா, நெக்ராப்டோசிசை யாரும் தொடவில்லையே? பார்த்தால் நசிவு மாதிரி, ஆனால் அதுவும் உள்கட்டளைப்படி நடக்கிறது. "நசிசாவு" என்றால் சாதாரண நசிவோடு கலந்துவிடாதா? எங்கள் ஆய்வகத்திலேயே ஒரு அக்கா அதைத்தான் பார்க்கிறார், அடுத்த மாதம் அவருக்கும் சுவரொட்டி இருக்கிறது.